அம்மாவின் ஓட்டைப் பங்கு வைத்த கதை

அன்று காலை அம்மா குளித்து, கஞ்சிப்பசை மொடமொடக்கும் வெள்ளை நேரியது உடுத்து, முன்னறையில் கைவைத்த மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் எண்ணெய் சற்று அதிகமாகிவிட்டது. நெற்றியோரம் வழிந்ததை நான்தான் துண்டால் துடைத்துவிட்டேன்.

"ஆரு வாறா?" என்று கேட்டாள்.

அம்மாவுக்குக் கண் தெரியாது. ஆனால் வண்டிச் சத்தம் அமரவிளைப் பக்கத்திலிருந்து வருகிறதா, செங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறதா என்று காதாலேயே சொல்லிவிடுவாள். அன்று அவளால் சொல்ல முடியவில்லை. சத்தம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது.

அமரவிளைப் பக்கம் வந்த ஜீப்பில் பெரியண்ணன் கேசவன். செங்கல் பக்கம் வந்ததில் சின்னண்ணன் மோகனன். ஒருவன் ஒரு முன்னணியின் ஆள், மற்றவன் மற்ற முன்னணியின் ஆள். இருவரும் வந்தது ஒரே காரியத்துக்கு. அம்மாவை வாக்குச்சாவடிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

பெற்ற தாயைச் சுமக்க இரண்டு மகன்களும் போட்டி போடுகிறார்களே, கொடுத்துவைத்தவள் என்று வேலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பஸ்ஸில் டிக்கெட் கொடுத்த கதையையே எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, வீட்டுக் கதை ஒன்றும் கிடையாதா என்று போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். உண்டு, தாராளமாக உண்டு. எழுதத்தான் கை வரவில்லை. இப்போது தேர்தல் வந்து போய், சுவரில் ஒட்டிய முகங்களெல்லாம் மழையில் உரிந்து தொங்குகின்றன. அவற்றைப் பார்க்கும்போது எழுதாமலும் இருக்க முடியவில்லை.

இரண்டு கையிலும் மை

அம்மாவுக்கு நடுவயதிலேயே சர்க்கரை வந்து கண்ணைக் கொண்டுபோனது. முதலில் இடது கண் மங்கியது. மற்றது இருக்கிறதே என்று அசட்டையாக இருந்துவிட்டோம். அதுவும் போனது.

கண் தெரியாதவர்களுக்கும் உடம்புக்கு முடியாதவர்களுக்கும் பதிலாக, கூட வருபவர் ஓட்டுப் போடலாம். எங்கள் ஊரில் அதற்கு 'ஓப்பன் வோட்டு' என்று பெயர். கூடப் போகிறவரின் வலது கைச் சுட்டுவிரலில் மை வைப்பார்கள். தன் சொந்த ஓட்டுக்கு இடது கையில் ஏற்கெனவே மை இருக்கும். அதனால் இரண்டு கையிலும் மையோடு ஒருவன் டீக்கடைக்கு வந்தால், அவன் ஒரு கிழவியையோ கிழவனையோ மடக்கிவிட்டான் என்று அர்த்தம். கட்சிக்காரர்களுக்கு அது பெரிய கௌரவம். என் அண்ணன்மார் இருவரும் அந்தக் கௌரவத்துக்காக அலைந்தார்கள்.

அம்மாவுக்குக் கண் போன பிறகு வந்த முதல் தேர்தலிலேயே வீட்டில் ரகளை. அப்பா அப்போது உயிரோடு இருந்தார். தான் யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்று கட்டிய மனைவியிடமும் சொல்லாத மனிதர். அவர் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, வீட்டைச் சுற்றிய வளவைப் பாகம் வைப்பதுபோல் அம்மாவின் ஓட்டையும் பாகம் வைத்தார்.

"தில்லிக்கு உள்ளது மூத்தவனுக்கு. சட்டசபைக்கு உள்ளது எளையவனுக்கு. பஞ்சாயத்து வோட்டு நான் பாத்துக்கிடுதேன். இனி இந்த வீட்டில இதெக் கொண்டு பேச்சு வரப்பிடாது, கேட்டியளா?"

"எனக்கு ஒண்ணும் இல்லியா?" என்று நான் கேட்டேன். எனக்கு அப்போதுதான் அரசு பஸ்ஸில் நடத்துனர் வேலை கிடைத்திருந்தது. துணிச்சல் கூடியிருந்த நேரம்.

"நீ எல்லாக் கட்சிக்காரனுக்கும் டிக்கெட் குடுக்கியவ. ஒன்னெ எப்பிடி நம்ப?" என்றான் சின்னண்ணன். பெரியண்ணன் சிரித்தான். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்த காலம் அது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அம்மாவிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அடுக்களையில் வைத்துக் கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்.

"எனக்க பிள்ளையளு ஒண்ணிச்சு இருந்தா போரும் மக்கா. வோட்டு எவன் போட்டா என்ன?"

தலைநகரத்தின் வால்

எங்கள் நாடாளுமன்றத் தொகுதி மாநிலத் தலைநகரத்தின் பெயரில் இருக்கிறது. தலை அங்கே. நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று தெற்கே நீண்டு எல்லையில் போய் முடிகிற வால் நாங்கள். மொழி பார்த்து மாநிலம் பிரித்தபோது பக்கத்துத் தாலுகா தமிழ்நாட்டுக்குப் போனது, எங்களுடையது இங்கே மலையாளப் பக்கத்திலேயே நின்றது. அம்மாவின் பிறந்த வீடு அந்தப் பக்கம், புகுந்த வீடு இந்தப் பக்கம். கூடப்பிறந்தவர்கள் ஒரு தொகுதியில் ஓட்டுப் போட, அவள் மட்டும் வேறு தொகுதியில் போட்டாள்.

எங்கள் தொகுதியின் பழைய கதைகளை அப்பா விரல் மடக்கிச் சொல்வார். ஒரு காலத்தில் எந்தக் கட்சியையும் சேராத சுயேச்சைகள்கூட இங்கிருந்து தில்லிக்குப் போனதுண்டாம். இந்தத் தொகுதி யாருக்கும் அடங்காது, இன்றைக்குத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடும், நாளைக்குக் கீழே போட்டுவிடும் என்பார். பிறகு இரண்டு முன்னணிகளும் மாறி மாறி வந்தன. அதற்கும் பிறகு போட்டி மும்முனை ஆனது. சில தடவை நகரத்துக் கணக்கைப் பார்த்தால் ஒருவர் ஜெயித்துவிட்டது போலவே இருக்கும். மத்தியானம் எங்கள் பக்கத்துக் கணக்கு வரும்போது எல்லாம் தலைகீழாகும். அந்த ஒருநாள் மட்டும் தொலைக்காட்சியில் பாறசாலை, பாறசாலை என்று அடித்துக்கொள்வார்கள். மறுநாள் எங்களை யாருக்கும் தெரியாது.

நெய்யாற்றின்கரை களியக்காவிளை வண்டியில் நான் வருஷக்கணக்காக ஓடினேன். தேர்தல் காலத்தில் அமரவிளை தாண்டினால் போதும், பஸ்ஸே சட்டசபையாகிவிடும். முன்பக்கம் ஒரு கட்சி, பின்பக்கம் ஒரு கட்சி, நடுவில் நான் சில்லறைக்குக் கத்திக்கொண்டிருப்பேன். எல்லையை நெருங்கும்போது இந்தப் பக்கத்து ஒலிபெருக்கி மலையாளத்திலும் அந்தப் பக்கத்து ஒலிபெருக்கி தமிழிலும் ஒரே நேரத்தில் அலறும். இரண்டிலும் சொல்வது ஒன்றுதான். கள்ளிக்காடு என்ற ஊரிலிருந்து ரப்பர் ஷீட் கட்டோடு வந்து ஏறும் ஒரு மனிதர், "ஆரு செயிச்சாலும் ஷீட்டுக்கு வெல எறங்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போவார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது.

எங்களைப் போலத் தமிழ் பேசும் வீடுகள் உண்டு என்பது வேட்பாளர்களுக்குத் தேர்தலுக்குத் தேர்தல் ஞாபகம் வரும். ஒருமுறை ஒருவர் திறந்த ஜீப்பில் வந்து, வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்து, "வணக்கம், நான் உங்கள் வீட்டுப் பிள்ளை" என்று தமிழில் சொன்னார். கூட்டம் கைதட்டியது.

அம்மா என் காதில் கேட்டாள். "எனக்க வீட்டுப் பிள்ளையளே தலைவேதனையாக்கும். இவனும் வாறானா?"

பாகத்தில் சேராத தேர்தல்

அப்பாவின் ஏற்பாடு அவர் போன பிறகும் பிசகாமல் நடந்தது. தில்லி என்றால் பெரியண்ணன் வலது கையில் மை. சட்டசபை என்றால் சின்னண்ணன் கையில். பஞ்சாயத்துக்கு மட்டும் அப்பாவுக்குப் பதில் பக்கத்து வீட்டு அக்கா கூட்டிக்கொண்டு போவாள். ஒருவன் போடும் ஓட்டை அடுத்தமுறை மற்றவன் சமன் செய்துகொண்டிருந்தான். அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. இருவரும் ஓணத்துக்கு ஒரே இலை வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் நடுவழியில் ஒரு நாடாளுமன்ற இடைத்தேர்தல் வந்தது. அப்பாவின் பாகத்தில் இடைத்தேர்தல் சேரவில்லை. பாவம், அவர் அதை நினைத்திருக்கமாட்டார்.

"தில்லிக்குள்ள வோட்டு எனக்குள்ளதாக்கும். இடையில வந்தா என்ன, கடைசியில வந்தா என்ன?" என்றான் பெரியண்ணன்.

"தில்லிக்கு நீ ஒருக்கப் போட்டு முடிச்சாச்சு. இனி எனக்க முறெயாக்கும்" என்றான் சின்னண்ணன்.

வேறு ஊர்க்காரர்கள் கேட்டால் வாயால் சிரிக்கமாட்டார்கள். ஒரு கிழவியின் ஒரே ஓட்டு. அதற்காக இரண்டு வீட்டுப் பெண்களும் கிணற்றடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கட்சிக்காரர்கள் வேறு இருவரையும் ஏற்றிவிட்டார்கள். சொந்த அம்மையின் ஓட்டை விட்டுக்கொடுக்கிறவன் ஊர் ஓட்டை எப்படிப் பிடிப்பான் என்று கேட்டார்களாம்.

அந்தத் தேர்தல் நாள் காலையில்தான் இரண்டு ஜீப்பும் வந்து நின்றன.

"அம்மே, போவலாம்" என்று பெரியண்ணன் நாற்காலியின் ஒரு கையைப் பிடித்தான்.

"அம்மை எனக்க கூட வாறா" என்று சின்னண்ணன் மற்றதைப் பிடித்தான்.

"ரெண்டு பேரும் ஒண்ணிச்சுக் கொண்டுபோங்க. ஆருகூடன்னு அம்மை பூத்தில வச்சுச் சொல்லட்டு" என்றேன் நான். யார் கேட்டார்கள்? இரண்டு ஜீப்பிலிருந்தும் இரண்டிரண்டு கட்சிக்காரர்கள் உள்ளே வந்தார்கள். நாற்காலி தரையை விட்டு எழும்பியது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அம்மாவுக்குக் கண்தான் இல்லை. கால் இருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு மகேஸ்வரம் கோவில் வரை நடப்பாள். நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனால்தான் பார்ப்பவர்களுக்கு ஓர் எடுப்பாக இருக்கும் என்பதற்காக அவளைத் தூக்கினார்கள்.

"எலே, கீழெ வையுங்கலே. நான் நடப்பேன்" என்று அம்மா கத்தினாள்.

வாசற்படியில் ஒரு பக்கம் இழுத்தது. மறுபக்கம் விடாமல் நின்றது. நாற்காலியின் கால் படியில் இடறி, அம்மா பக்கவாட்டில் விழுந்தாள். முதலில் அவள் அழவில்லை. முற்றத்து மணலைக் கையால் தடவி, எங்கே கிடக்கிறோம் என்று பார்த்தாள். அதன் பிறகுதான் வலி தெரிந்து அலறினாள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வாசலில் இரண்டு ஜீப் நின்றும், அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனது பக்கத்து வீட்டு ஆட்டோவில். கண் இல்லாதவளுக்குக் காலும் போனது அன்றுதான். அந்தத் தேர்தலில் அவள் ஓட்டை யாரும் போடவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் முன்னால் வைத்துத்தான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டார்கள்.

"நீயாக்கும் இழுத்தது."

"நீயாக்கும் விடாம நின்னது."

அவ்வளவுதான். அதன் பிறகு அவர்களுக்குள் பேச்சே கிடையாது.

பெரியண்ணன் காலையில் வந்து அம்மாவைப் பார்ப்பான். சின்னண்ணன் சாயங்காலம் வருவான். ஒருவன் ஸ்கூட்டர் முற்றத்தில் நின்றால் மற்றவன் வளைவிலேயே திரும்பிப் போய்விடுவான். பெரியண்ணன் மகள் கல்யாணத்துக்குச் சின்னண்ணன் வரவில்லை. சின்னண்ணன் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குப் பெரியண்ணன் போகவில்லை. கட்டிலில் கிடந்தபடி அம்மா ஒவ்வொருவனிடமும் மற்றவனைப் பற்றிக் கேட்பாள். "அவன் எப்பிடி இருக்கியான்?" செருப்பை மாட்டுகிற சத்தம்தான் வரும்.

பிறகு எத்தனையோ தேர்தல் வந்தது. வண்டி கொண்டுவரட்டுமா என்று இருவரும் தனித்தனியே கேட்பார்கள். "எனக்குக் காலு இல்லலே" என்று அம்மா சொல்லிவிடுவாள். எனக்குக்கூட ஓட்டு என்று சொன்னாலே வெறுப்பாக இருந்தது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, புருஷனையும் பறிகொடுத்து, அம்மாவோடேயே தங்கிவிட்டேன்.

வீடு தேடி வந்த பெட்டி

இந்தத் தேர்தலுக்கு முன்னால் அங்கன்வாடி டீச்சர் வீட்டுக்கு வந்தாள். வாக்காளர் கணக்குப் பார்க்கும் வேலை எங்கள் பக்கத்தில் அவளுக்குத்தான். வயது முதிர்ந்தவர்கள் இனி வாக்குச்சாவடிக்குப் போக வேண்டாம், அதிகாரிகளே வீட்டுக்குப் பெட்டியோடு வருவார்கள் என்றாள். வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

அம்மா முந்திக்கொண்டாள். "கட்சிக்காரரும் கூட வருவாங்களா டீச்சரே?"

"வரலாம் அம்மச்சி. எல்லாக் கட்சி ஏஜண்டுமாரும் வந்து நின்னு பாக்கலாம்."

"அப்போ எனக்கப் பேரெ எழுதிக்கோ."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் வார்டில் அந்த ஏஜண்டுமார் யார் என்று ஊருக்கே தெரியும். ஒருவன் வந்தால் மற்றவனும் வந்தே தீருவான். வேறு எதற்கு அழைத்தாலும் ஒரே நேரத்தில் இந்தப் படியேறமாட்டார்கள், ஓட்டு என்றால் ஏறுவார்கள்.

அதிகாரிகள் வருகிற நாளன்று அம்மாவுக்கு ஒரே பரபரப்பு. நேந்திரம்பழம் நறுக்கி ஏத்தங்கா அப்பம் சுடச் சொன்னாள். அண்ணன்மார் இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே அது உயிர். கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போடச் சொன்னாள்.

"அடுத்தடுத்துப் போட்டியா?"

"போட்டாச்சு அம்மா."

"இன்னும் செத்த அடுப்பிச்சுப் போடு."

மத்தியானத்துக்கு முன்னால் வந்தார்கள். ஒரு பெண் அதிகாரி, அவருக்கு உதவிக்கு ஒருவர், ஒரு போலீஸ்காரர், எல்லாவற்றையும் படம் பிடிக்க ஒரு கேமராக்காரர். பின்னால் பெரியண்ணன். அவனுக்கும் பின்னால், வாசற்படியில் சற்றுத் தயங்கி, சின்னண்ணன். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. ஒரே அறையில் பக்கம் பக்கமாகப் பார்க்கும்போதுதான் இருவருக்கும் அப்பாவின் அதே கூன் விழுந்திருப்பது எனக்குத் தெரிந்தது.

நாற்காலிகளில் அவர்கள் உட்காரவில்லை. ஒன்றில் போலீஸ்காரர் உட்கார்ந்தார். மற்றதில் கேமராப் பையை வைத்தார்கள்.

"அம்மச்சீ, சஹாயத்தினு ஆரெங்கிலும் வேணோ?" என்று அதிகாரி குனிந்து கேட்டார். உதவிக்கு யாராவது வேண்டுமா என்று.

"கேசவன் உண்டா?" என்றாள் அம்மா.

"உண்டு அம்மே."

"மோகனன்?"

"இஞ்சதான் நிக்கியேன்."

"ரெண்டு பேரும் எனக்க அடுத்து வாங்க."

கட்டிலின் இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் வந்து நின்றார்கள். அம்மா இரண்டு கையையும் நீட்டினாள். ஆளுக்கு ஒரு கையைப் பிடித்தார்கள். பிடித்த கைகளை அம்மா மெள்ள மெள்ளத் தன் நெஞ்சுக்கு மேலே இழுத்தாள். எதற்கு இழுக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவர்களுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. இருவர் கைகளும் விறைத்து நின்றன. ஒன்றையொன்று தொட இன்னும் ஒரு சாண் இருந்திருக்கும்.

"ஏஜண்டுமாரு தொடான் பாடில்ல. மாறி நில்க்கணும்" என்றார் அதிகாரி. ஏஜண்டுகள் தொடக்கூடாது, விலகி நிற்க வேண்டும். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் வேலையை அவர் செய்தார்.

இருவரும் உடனே கையை விட்டார்கள். தப்பித்தோம் என்பதுபோல் விட்டார்கள். அன்று எனக்கு அவர்கள்மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அம்மாவின் கை இரண்டும் சற்றுநேரம் அப்படியே நெஞ்சுக்கு மேலே நின்றன.

"அப்போ எனக்கு ஆரும் வேண்டாம். நானே போட்டுக்கிடுதேன்" என்றாள்.

அதிகாரி வேட்பாளர்களின் பெயர்களை வரிசையாக வாசித்தார். அட்டை மறைப்புக்குள் காகிதத்தை வைத்து, அம்மாவின் கையில் பேனாவைக் கொடுத்தார். அண்ணன்மார் இருவரும் கழுத்தை நீட்டி அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வாசலில் நின்றேன். அம்மா ஒரு கோடு போட்டாள். எங்கே போட்டாளோ.

"அடையாளம் சரியான இடத்தில் விழுந்ததோ என்னவோ அம்மச்சி" என்று அதிகாரி மலையாளத்தில் சங்கடத்தோடு சொன்னார்.

"விழுந்த எடத்தில கெடக்கட்டு" என்றாள் அம்மா.

உறை, முத்திரை, பெட்டி. எல்லாம் முடிந்தது. அடுத்த வீட்டுக்கு அதிகாரிகள் கிளம்பினார்கள். பெட்டியைக் கண்ணிலிருந்து விடக்கூடாது என்று பெரியண்ணன் ஓடினான். அவன் போவதைப் பார்த்துச் சின்னண்ணனும் ஓடினான். நான் தட்டில் அப்பத்தோடு நின்றது நின்றபடி நின்றேன்.

வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகு அம்மா கேட்டாள்.

"போயாச்சா ரெண்டும்?"

"போயாச்சு."

"அவனுவ ஒருத்தன் ஒருத்தங்கிட்ட என்னமாவது பேசினானா?"

பொய் சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் பொய் செல்லாது. குரலைப் பிடித்துவிடுவாள்.

"இல்ல அம்மா."

"ஒரு சொல்லு?"

"இல்ல."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அப்பம் ஆறிப்போவும். நீயாவது தின்னு மக்கா."

எண்ணிய நாள்

ஓட்டுப் பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவில் இந்த முறை நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் அம்மா போய்விட்டாள். காய்ச்சல் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. சாப்பாட்டைக் குறைத்தாள், பேச்சைக் குறைத்தாள், ஒரு விடியற்காலையில் மூச்சும் நின்றுவிட்டது. வளவில் தெங்குக்குக் கீழே எரித்தோம். சிதையின் தலைமாட்டில் ஒருவன், கால்மாட்டில் ஒருவன். நடுவில் புகை. கடல் காற்று அடித்துப் புகை விலகும்போதெல்லாம் இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

எண்ணிக்கை நாளன்று நான் தொலைக்காட்சியைத் திறக்கவில்லை. காலையிலேயே பெரியண்ணன் போன் செய்தான். பின்னால் ஒரே இரைச்சல்.

"எட்டி சரசு, தபால் வோட்டு எண்ணத் தொடங்கியாச்சு. வீட்டில வந்து வாங்கின அம்மைக்க வோட்டும் அதில உண்டு. நீ வாசல்ல நிண்ணியே. அம்மை ஆருக்குப் போட்டா?"

அம்மா போட்டது செல்லுமா செல்லாதா என்பதே தெரியாது. அவனுக்கு அது உறைக்கவில்லை.

"அண்ணா, நீங்க போன பெறவு அம்மை ஒரு காரியம் கேட்டா. அதெச் சொல்லட்டா?"

"அதெல்லாம் பெறவு சொல்லு. அம்மை ஆருக்குப் போட்டா? அதெ மட்டும் சொல்லு."

"நான் பாக்கல்ல" என்று வைத்துவிட்டேன்.

அடுப்பில் கஞ்சி கொதிப்பதற்குள் மறுபடியும் போன். சின்னண்ணன்.

"சரசு, ஒண்ணு கேக்கட்டா. மறைக்காம சொல்லு. அம்மை ஆருக்குப் போட்டா?"

அவனிடமும் சொல்லிப் பார்த்தேன். அம்மா கடைசியாக ஒன்று கேட்டாள், கேள் என்றேன்.

"அது பெறவு கேக்கலாம். இப்போ இதெச் சொல்லு."

இத்தனை வருஷமாக ஒன்றிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும், ஒரே காலையில், ஒரே கேள்வியை, ஒரே வார்த்தைகளில் கேட்டார்கள். அம்மா இருந்திருந்தால் அதையாவது அவளிடம் சொல்லியிருப்பேன்.